பிஜிக்குப் போகிறவளுக்குச் சொன்ன பாதி

பிஜி எந்தப் பக்கம் இருக்கிறது என்று உண்ணாமலை அக்காவுக்குத் தெரியாது. "சிங்கப்பூருக்கு முன்னாடி வருமா, தாண்டிப் போவணுமா?" என்று கேட்டாள். அப்படிக் கேட்கிறவளுக்கு டிக்கெட். கண்ணை மூடிக்கொண்டு உலக வரைபடத்தில் விரல் வைக்கச் சொன்னால் பசிபிக் கடலுக்கு நடுவில் சரியாக வைக்கிற எனக்கு வேட்டவலம் ரோட்டில் கலர் மிஷின்.

உண்ணாமலை அக்கா என் ஓரகத்தி. என் கணவர் முருகவேலுவின் அண்ணன் ராமகிருஷ்ணன் இருக்கிறாரே, அவருடைய மனைவி. அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பெயின்ட் கடை. கீழே கடை, முதல் மாடியில் மாமா குடும்பம், அதற்கு மேல் நாங்கள். ஒரு வீட்டில் என்ன குழம்பு கொதிக்கிறது என்று இன்னொரு வீட்டுக்கு மூக்கிலேயே தெரிந்துவிடும்.

கடையில் என் வேலை கலர் மிஷின். வாடிக்கையாளர் அட்டையில் விரல் வைத்த நிறத்தின் எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டினால், வெள்ளைப் பெயின்டில் சொட்டுச் சொட்டாகச் சாயம் விழும். மூடியை அடித்து, டப்பாவைக் குலுக்குகிற மிஷினில் ஏற்றிவிட வேண்டும். அது தடதடவென்று குலுக்கி முடிக்கிற வரைக்கும் எனக்கு வேலை இல்லை. அந்த நேரத்தில் போனில் தீவு பார்ப்பேன். பிஜி, சமோவா, டோங்கா, வனுவாட்டு. யாரோ ஒருத்தி முதுகுப் பையோடு படகிலிருந்து இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று, எதை எடுத்து வர வேண்டும், எதை எடுத்து வரக் கூடாது என்று பொறுமையாகச் சொல்லுவாள். நான் ஒரு வார்த்தை விடாமல் கேட்பேன். வருடக்கணக்காக இப்படிக் கேட்டு எனக்கு அந்தத் தீவுகள் கீழ்பென்னாத்தூர் பஸ் மாதிரி ஆகிவிட்டன. எங்கே ஏறி எங்கே இறங்குவது என்று தெரியும், போனது மட்டும் இல்லை.

இந்த ஊரில் எத்தனையோ வீட்டுப் படுக்கையறையில் கடல் நீலம் பூசியிருக்கிறார்கள். அத்தனையும் என் கையால் கலந்தது.

பெயின்ட் கம்பெனிக்காரர்கள் வருடா வருடம் டார்கெட் முடித்த டீலர்களை வெளிநாடு கூட்டிக்கொண்டு போவார்கள். போன வருடம் தாய்லாந்து என்றார்கள். நம்பி நாங்கள் நான்கு பேரும் பாஸ்போர்ட் எடுத்து வைத்தோம். கடைசியில் போளூர் டீலர் தட்டிக்கொண்டு போனார். இந்த வருடம் பிஜி, எங்கள் கடைக்கு. கம்பெனி ஆள் ஸ்வீட் பாக்ஸோடு வந்து, "டீலரும் டீலர் சம்சாரமும்" என்று அறிவித்தார். டீலர் என்று பதிவாகியிருப்பது மாமா பெயர். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. மூத்தவர் இருக்கும்போது இளையவரிடம் போகிறாயா என்று கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. கேட்டால் அதுதான் அவமரியாதை.

"அண்ணன் போறதுதான முறை?" என்றார் என் கணவர்.

முறைதான். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த டார்கெட் யாரால் முடிந்தது? ஆதிமூலம் மேஸ்திரி மாதிரி பெயின்டர்கள் இத்தனை கடையைத் தாண்டி ஏன் எங்களிடம் வருகிறார்கள்? சுவரில் ஒரு கை அடித்துப் பார்த்து, "இது ஒரு பொட்டு மஞ்சள் ஜாஸ்திம்மா" என்று டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்தால், முகம் சுளிக்காமல் மறுபடி கலந்து கொடுக்கிறேனே, அதற்காகத்தான். உண்ணாமலை அக்கா கடைக்கு வருவதே மாமாவுக்குச் சாப்பாட்டுக் கேரியர் கொடுக்கத்தான். கேரியர் தூக்கினவளுக்கு பிஜி!

பொறாமை. அதற்கு வேறு பெயர் வைத்து மரியாதையாகக் கூப்பிட எனக்கு விருப்பம் இல்லை. மாடிப்படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு காந்தியது. அவள் சிரித்தால் எரிந்தது, சிரிக்காமல் போனால், போகிறதற்கே இவளுக்கு ஆசை இல்லை, இவளுக்கு எதற்கு என்று இன்னும் எரிந்தது.

இந்த லட்சணத்தில் அவள் என்னிடமே வந்தாள். மத்தியானம், கடையில் கூட்டம் கம்மி. கேரியரை மேஜையில் வைத்துவிட்டு என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"கீதா, நீதான் போன்ல தீவு தீவா பாப்பியே. அங்க இன்னா எடுத்துட்டுப் போவணும், எப்டி நடந்துக்கணும், கொஞ்சம் சொல்லேன். எனக்கு ஒண்ணும் தெரியலடி."

நான் முதலில் பார்த்தது புயல். அந்தப் பக்கத்துத் தீவுகளில் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல் காலம். இவர்கள் போவது ஆனி மாதத்தில். மழை கம்மி, புழுக்கம் கம்மி, அதைவிட நல்ல மாதம் கிடையாது. எனக்கு அது பெரிய ஏமாற்றம்.

பொய் சொல்லக் கூடாது என்பதில் மட்டும் நான் உறுதியாக இருந்தேன். வாசலுக்கு வந்தால் அண்ணாமலையார் மலை தெரிகிற கடையில் உட்கார்ந்துகொண்டு எனக்குப் பொய் வராது. ஆனால் பாதி சொல்வது பொய்யில் சேராது என்று எனக்கு ஒரு கணக்கு.

"முதல்ல காலைப் பத்தி சொல்றேன்க்கா" என்றேன். "அங்க கடலுக்குள்ள பவளப் பாறை. பாக்க பூ மாதிரி இருக்கும், பட்டா பிளேடு. லேசா கீறினாலே போதும், அதோட துணுக்கு உள்ள போய்ச் சீழ் வெச்சிடும். வெதுவெதுன்னு தண்ணி, காயம் சீக்கிரத்துல ஆறாது. அது இல்லாம கல்லு மாதிரியே ஒரு மீன் கெடக்கும். தெரியாம மிதிச்சா முள்ளு ஏறும். வெஷம்."

அக்கா காலை நீட்டி எனக்குக் காட்டினாள். "இந்தக் காலுக்கா? மாசா மாசம் பௌர்ணமிக்கு வெறுங்காலோட மலையைச் சுத்தற காலுடி இது. சித்திரை வெயில்ல தார் ரோடு கொதிக்கும், ஒரு கொப்புளம் வந்ததில்ல. உங்க பாறை இன்னா பண்ணும்?"

இந்த ஊர்க்காரர்களிடம் இது ஒரு பெருமை. உள்ளங்காலைத் தட்டிக் காட்டி, ஒரு முள்ளு ஏறாது என்பார்கள். பக்கத்தில் சுவருக்குப் பூசுகிற புட்டி மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த என் கணவர்கூட, "அண்ணி சொல்றது கரெக்ட்" என்றார். அவரும் வெறுங்காலில் சுற்றுகிறவர்தான்.

ஒரு நொடி, போகட்டும், வெறுங்காலோடு இறங்கட்டும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதில் எனக்கு வெட்கம் வரவில்லை. ஆனால் அவளுக்குக் கால் கிழிந்து எனக்கு என்ன கிடைக்கும்? கிழிந்தாலும் பிஜியில்தானே கிழியும். அதனால் போனை எடுத்து, பவளம் கீறின கால்களின் படங்களை வரிசையாகக் காட்டினேன். நல்ல வெளிச்சத்தில் எடுத்த படங்கள். அக்கா காலை மெதுவாகப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அவள் முகம் மாறியதைப் பார்த்ததும்தான் எனக்கு வழி தெரிந்தது. இவள் பயந்து நின்றுவிட்டால்? மாமா தனியாகப் போக மாட்டார். டிக்கெட்டை வீணாக்க அவருக்கு மனசு வராது. பெயர் மாற்றுவதற்கு மாதக் கடைசி வரைக்கும் நேரம் இருக்கிறது என்று கம்பெனி ஆள் சொல்லியிருந்தார். அப்புறம் யார் மிச்சம்?

அதற்குப் பிறகு தினம் மத்தியானம் அக்கா வருவாள், நான் சொல்லுவேன். பயந்தவள் ஏன் வருகிறாள் என்று கேட்கக் கூடாது. பேய்க்கதை கேட்கிறவர்கள் எழுந்தா போகிறார்கள்?

"சின்ன தீவுக்குப் போற விமானம் நம்ம ஷேர் ஆட்டோ சைஸ்தான்க்கா. பெட்டியை மட்டும் இல்ல, ஏறுறவங்களையும் தராசுல நிக்க வெச்சி எடை போடுவாங்க. எல்லார் முன்னாடியும்."

அக்கா கொஞ்சம் பூசினாற்போல இருப்பாள். கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கும்போதே பின் வரிசைக்குப் போகிறவள். இதைக் கேட்டதும் அன்றைக்கு அவள் எனக்கென்று கொண்டுவந்த போளியைக் கொடுக்க மறந்து, கையிலேயே வைத்துக்கொண்டு மாடி ஏறிவிட்டாள்.

"கிராமத்துக்குக் கூட்டிட்டுப் போனா, அங்க ஊர்த் தலைவர் முன்னாடி தரையில உக்காரணும். ஒரு வேரை இடிச்சி தண்ணியில கரைச்சி, தேங்காச் சிரட்டையில குடுப்பாங்க. சேறு கலந்த தண்ணி மாதிரி இருக்கும். நாக்கு மரத்துப் போவும். வேணாம்னு மூஞ்சைத் திருப்பினா அவங்களுக்கு அவமானம்."

"வேரா?" என்றாள் அக்கா. "இன்னா வேருன்னே தெரியாம எப்டிடி குடிக்கறது?"

"புளிக்காய்ச்சல், எள்ளுப் பொடி, மாங்கா ஊறுகா எல்லாம் எடுத்துட்டுப் போவேன்னு சொன்னீங்களே, ஏர்போர்ட்டுல பெட்டியைத் திறந்து கொட்டிப் பாப்பாங்க. விதை, பழம், மண்ணு ஒட்டின செருப்பு, எதுவும் விட மாட்டாங்க. மறைச்சி எடுத்துட்டுப் போனா அபராதம்."

"தீப மை? அதுகூடவா?"

கார்த்திகை தீபம் எரிந்த கொப்பரையிலிருந்து எடுக்கிற மை. அதை நெற்றியில் வைக்காமல் அக்கா வெளியூர் போனதே இல்லை. "அது இன்னான்னு அவங்களுக்கு எப்டிக்கா தெரியும்? கறுப்பா ஒரு பசை. கேள்வி கேப்பாங்க. இங்கிலீஷ்ல."

இங்கிலீஷ் என்றதும் அக்கா எச்சில் விழுங்கினாள்.

பகலில் கடிக்கிற கொசு, அதனால் வருகிற டெங்கு. தென்னை மரத்தடியில் உட்கார்ந்தால் தலையில் விழுகிற காய். முழங்கால் தண்ணீரில் நிற்பவர்களையும் பாறை இடைவெளி வழியாக வெளியே இழுத்துக்கொண்டு போகிற நீரோட்டம். ஒன்றையும் நான் விடவில்லை. எல்லாம் நிஜம். வந்து போன ஆதிமூலம் மேஸ்திரி ஒரு நாள் நின்று கேட்டுவிட்டு, "ஏம்மா, அண்ணியை டூருக்கு அனுப்பறீங்களா, போருக்கு அனுப்பறீங்களா?" என்றார். அவர் கேட்ட ஆகாய நீலத்தை அவசரமாகக் கலந்து கொடுத்து அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கடையில் பூஜை போட்டு முடித்ததும் மாமா சொன்னார். "உண்ணாமலை வரமாட்டேன்ன்றா. ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லையாம். அவ இல்லாம நான் போய் இன்னா பண்றது? முருகா, நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. கம்பெனிக்காரன்கிட்ட நான் பேசிடறேன். மிஷினை நான் பாத்துக்கறேன், கீதா எப்டி பண்றதுன்னு காட்டிட்டுப் போவட்டும்."

நான் கற்பூரத் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கண்ணைத் திறக்க பயமாக இருந்தது, உள்ளே இருப்பது வெளியே தெரிந்துவிடுமோ என்று. அன்றைக்குக் கலந்த நிறமெல்லாம் எனக்கு அழகாகத் தெரிந்தது. சாம்பல் நிறம்கூட.

சாயந்திரம் சமையலறையில் காபி போட்டுக்கொண்டு, எந்தப் பெட்டியை எடுப்பது என்று நான் பேசிக்கொண்டே இருக்க, என் கணவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க?"

"நான் வரல கீதா."

எனக்குப் புரியவில்லை.

"எனக்கு நீச்சல் தெரியாது. அந்த மீனு, கல்லு மாதிரி கெடக்குமே, அதை நெனச்சாலே காலு கூசுது. அண்ணிகிட்ட நீ சொல்லச் சொல்ல நான் எல்லாத்தையும் கேட்டுக்கினுதான இருந்தேன்? டெங்கு வேற. நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்ணு ஆச்சுன்னா? வேணாம்டி. போட்டும், அந்தப் போளூர்க்காரனே போவட்டும்."

நெருப்பை யாருக்கோ வைக்கப் போய் என் முந்தானையில் பிடித்துக்கொண்டது. பக்கத்திலேயே புட்டி மூட்டை அடுக்குகிற மனிதருக்கும் காது இருக்கிறது என்று நான் யோசிக்கவே இல்லை.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மீதிப் பாதியை எடுத்தேன்.

"ஐய, இதுக்கா பயப்படறீங்க? கடல்ல போடற ரப்பர் செருப்பு இருக்குது. ஷூ மாதிரி. அதைப் போட்டுக்கினா பவளமும் ஒண்ணும் பண்ணாது, லேசுல முள்ளும் ஏறாது. காலைத் தூக்கி வெக்காம தேச்சித் தேச்சி நடந்தா மீன் மேல மிதிபடாது. அப்படியே கீறினாலும் நல்ல தண்ணியில உடனே கழுவி மருந்து வெச்சா சரியாயிடும்."

"நீரோட்டம்?"

"ஓட்டல்காரங்களைக் கேட்டுட்டு அவங்க காட்டற எடத்துல எறங்கணும். அங்கல்லாம் குளம் மாதிரி நிக்கும் தண்ணி. நீச்சல் தெரியலன்னா ஜாக்கெட் குடுப்பாங்க."

"எடை போடறது?"

"அது சின்ன விமானத்துலதான். நம்மளை பெரிய போட்டுல கூட்டிட்டுப் போறாங்க. பின்னாடி சீட்டா பாத்து உக்காந்தா தூக்கிக்கூடப் போடாது. கொசுவுக்குக் களிம்பு இருக்குது, முழுக்கை சட்டை இருக்குது. தென்ன மரத்தடியில உக்காராம இருந்தா தேங்கா ஏன் விழுது? அந்த வேர்த் தண்ணியை, கொஞ்சமா போதும்னு சொன்னா அடியில கொஞ்சூண்டு ஊத்துவாங்க, ரெண்டு மொடக்கு. கிராமத்துக்குள்ள போறப்போ தோளும் முட்டியும் மூடியிருக்கணும், தலையில தொப்பி கூடாது. அவ்ளோதான். புடவை கட்டினவங்களுக்கு அதைவிட மரியாதை."

"சாப்பாடு?"

"அங்க கரும்புத் தோட்டத்துக்குப் போன நம்ம ஆளுங்க தலைமுறை தலைமுறையா இருக்காங்க. பருப்பு, சோறு, ரொட்டி, மரவள்ளிக் கிழங்கு, சேப்பங்கிழங்கு, எல்லாம் கெடைக்கும். முருகன் கோயிலே இருக்குது. ஏர்போர்ட்டுல குடுக்கற சீட்டுல, இது இருக்குது அது இருக்குதுன்னு நாமளே எழுதிட்டா ஒரு வம்பும் இல்ல. வேணாம்னா எடுத்துப் போட்டுடுவாங்க, அபராதம் கெடையாது. மறைச்சாத்தான் தப்பு."

இவ்வளவையும் மூச்சு விடாமல் சொன்னேன். என் வாழ்க்கையிலேயே நான் அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. அவர் முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியது. "அப்ப பயம் இல்லன்றியா?" என்றார்.

"ஒண்ணுமே இல்லைங்க. சொல்றபடி கேட்டா கொழந்தைகூடப் போயிட்டு வரலாம்."

"செருப்பு போட்டா போதுமா கீதா?"

அது அவர் குரல் இல்லை. மொட்டை மாடிக்குப் போகிற படி எங்கள் சமையலறைக் கதவை ஒட்டித்தான் போகிறது. காயவைத்த மிளகாயை அள்ளிக்கொண்டு இறங்கின உண்ணாமலை அக்கா, முறத்தை இடுப்பில் வைத்தபடி வாசற்படியில் நின்றாள். எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று தெரியவில்லை.

நான் எழுந்து அடுப்பை அணைத்தேன்.

"பெரிய போட்டுதானா? எடை போடறதில்லையா?"

தலையாட்டினேன்.

"புடவையே போதுமா?"

"போதும்க்கா."

"தீப மை?"

"எழுதிட்டா... கேட்டா சொல்லிடலாம். கொஞ்சமா, டப்பாவுல..."

அக்கா திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். திட்டினால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், டார்கெட்டைப் பற்றியும், கேரியரைப் பற்றியும். அவள் முறத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "அப்ப நானே போறேன்" என்றாள். மிளகாய் நெடி மட்டும் சமையலறையில் நின்றது.

"அப்பாடா" என்றார் என் கணவர். அவரை அன்றைக்கு என்ன செய்திருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அதற்கப்புறம் நடந்தது எல்லாம் எனக்குத் தண்டனை. ரப்பர் செருப்பை ஆன்லைனில் நான்தான் வரவழைத்தேன், ஊரில் எந்தக் கடையிலும் இல்லை. அதைப் போட்டுக்கொண்டு அக்கா படியில் ஏறி இறங்கிப் பழகினாள். பவளத்தைக் கெடுக்காத வெயில் களிம்பு எது என்று டப்பாவின் பின்பக்கம் படித்துச் சொன்னதும் நான்தான். போனுக்குத் தண்ணீர் புகாத உறை, ஆஸ்திரேலியாக்காரர்களுடையது மாதிரி சாய்ந்த முள் வைத்த பிளக், மருந்துச் சீட்டோடு மாத்திரை, சின்ன நோட்டுகளாக அந்த ஊர்ப் பணம், எல்லாம் என் ஏற்பாடு. மாமா, "கீதா இல்லன்னா நாம நாடு கடந்திருக்க முடியாது" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான். வேன் கிளம்பும்போது கையசைத்தேன். வேன் திரும்பி மறைகிற வரைக்கும் நான் சிரித்த சிரிப்பை அண்ணாமலையார்தான் மன்னிக்க வேண்டும்.

நாலைந்து நாள் போட்டோ வந்தது. நான் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. முருகன் கோயில் முன்னால் மாமா நின்று, கோபுரத்துக்கு எந்தக் கம்பெனி பெயின்ட் என்று விசாரித்துக்கொண்டிருப்பதாக என் கணவர் சொன்னார். அவருக்குச் சிரிப்பு. எனக்கு அந்தக் கோபுரத்தின் மஞ்சள் எந்த எண் என்று ஒரே பார்வையில் தெரிந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஒரு நாள் காலையில், ஆதிமூலம் மேஸ்திரிக்கு டப்பாவைக் குலுக்கப் போட்டிருக்கும்போது அக்காவிடமிருந்து வீடியோ கால். எடுத்தேன். கண் கூசியது.

கடல். என் அட்டையில் அந்த நிறத்துக்குப் பக்கத்தில்கூட ஒன்றும் இல்லை. கரையோரம் கண்ணாடி, அப்புறம் பச்சை, அப்புறம் நீலம், மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று எங்கே கரைகிறது என்று தெரியாமல் போய்க்கொண்டே இருந்தது. அதற்கு நடுவில் முழுக்கைச் சட்டை, இடுப்பு வரை ஈரமான பாவாடை, காலில் ரப்பர் செருப்பு, நெற்றியில் தீப மை வைத்துக்கொண்டு உண்ணாமலை அக்கா. சுற்றிலும் மற்ற டீலர்களின் மனைவிமார்கள். பாதிப் பேர் அவளை மாதிரியே காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்துகொண்டிருந்தார்கள்.

"கீதா, தெரியுதாடி?" என்றாள்.

"தெரியுதுக்கா."

ஒரு அம்மாள் போனுக்குள் எட்டிப் பார்த்தாள், விழுப்புரம் டீலர் மனைவி என்று பிறகு தெரிந்துகொண்டேன். "தங்கச்சிங்களா? உங்க அக்கா சொல்லலன்னா நாங்கல்லாம் காலைக் கிழிச்சிக்கினு ரூம்ல படுத்திருப்போம். எங்க கூட வந்ததுல ரெண்டு பேருக்கு அப்டித்தான் ஆச்சு. அந்த வேர்த் தண்ணிகூட இவங்க சொல்லித்தான் கொஞ்சமா வாங்கினோம். எப்டிங்க இவ்ளோ தெரியும், முன்னாடியே வந்திருக்கீங்களான்னு கேட்டுக்கினே இருக்கோம், சிரிக்கறாங்களே தவிர சொல்ல மாட்டேன்றாங்க."

"எனக்கு இன்னா தெரியும்?" என்றாள் அக்கா. போனைப் பார்க்காமல் அந்த அம்மாளைப் பார்த்துச் சொன்னாள். "எல்லாம் இவ சொல்லிக்குடுத்தது. இவ வரவேண்டிய எடம் இது. எனக்குத்தான் விட்டுக்குடுக்க மனசு வரல. இவளுக்கு எல்லாம் தெரியுது, கடையில எது கேட்டாலும் எங்க வூட்டுக்காரர் கீதாவைக் கேளு, கீதாவைக் கேளுன்றாரு. இது ஒண்ணாவது எனக்கு மொதல்ல கெடைக்கட்டுமேன்னு வந்துட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

இத்தனை வருடமாக ஒரே கட்டடத்தில், ஒருத்தி மேல் ஒருத்திக்கு எரிச்சல், இரண்டு பேருக்கும். எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் பாட்டுக்கு அதை இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு ஊர் பேர் தெரியாதவர்களிடம் சொல்லிவிட்டாள். இனிமேல் அவள் மேல் முழுசாக எரிந்து விழக்கூட எனக்கு முடியாது. அதையும் கொண்டுபோய்விட்டாள். எனக்குக் கோபம் இன்னும் ஜாஸ்தியானது, ஆனால் அது போய் உட்கார ஓர் இடம் இல்லை.

அவள் கழுத்தில், தண்ணீருக்கடியில் பார்க்க மாட்டிக்கொள்கிற முகமூடிக் கண்ணாடி தொங்கிக்கொண்டிருந்தது.

"போட்டுப் பாத்தீங்களாக்கா?"

"இன்னாத்த போட்டேன்? போட்டா பனி மூடின மாதிரி ஆயிடுது. ஒண்ணும் தெரியல. மேலருந்தே பாத்துட்டு வந்துடலாம்னு விட்டுட்டேன்."

அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். இது ஒன்றை மட்டும் நான் யாருக்கும் சொல்லவில்லை. பயமுறுத்தவும் உதவாது, தைரியம் சொல்லவும் உதவாது. எனக்கென்று வைத்துக்கொண்டிருந்தேன், என்றைக்காவது நான் போகும்போது பக்கத்தில் நிற்கிறவளுக்குத் தெரியாமல் எனக்கு மட்டும் தெரியட்டும் என்று. மிஷின் குலுக்கி முடித்து நின்றுவிட்டது. ஆதிமூலம் மேஸ்திரி டப்பாவுக்காகக் காத்திருந்தார்.

"கண்ணாடிக்குள்ள எச்சிலைத் துப்புங்கக்கா" என்றேன்.

"சீ!"

"துப்பி விரலால நல்லா தேயுங்க. ஒரு தடவை கடல் தண்ணியில அலசிட்டு உடனே மாட்டுங்க. மூஞ்சியில முடி மாட்டாம பாத்துக்கோங்க. பனி மூடாது."

அவள் துப்பினாள், தேய்த்தாள், அலசினாள், மாட்டிக்கொண்டாள். போனை விழுப்புரத்து அம்மாளிடம் கொடுத்தாள். தலையைத் தண்ணீருக்குள் விட்டாள். கொண்டை மட்டும் வெளியே தெரிந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன், அவள் பிடித்ததைவிட நீளமாக.

எழுந்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். முகத்தில் தண்ணீர் வழிய, வாயைத் திறந்து மூடினாள்.

"இன்னாக்கா பாத்தீங்க?"

"கீதா..." என்றாள். புறங்கையால் கண்ணைத் துடைத்தாள், மறுபடி நிறைந்தது. "ஐயோ, எனக்குச் சொல்லத் தெரியலயேடி."

சொல்லத் தெரியாதவளுக்குப் போய்க் காட்டினாயே அண்ணாமலையாரே! ஒரு நிறம்கூடச் சரியாகப் பெயர் சொல்லத் தெரியாதவள். அங்கே நான் நின்றிருந்தால் ஒவ்வொன்றாகச் சொல்லியிருப்பேன், எண்ணோடு. இந்தப் பக்கம் மேஸ்திரி, "அம்மா, டப்பா" என்றார்.

"அழாதீங்கக்கா" என்றேன். "இன்னொரு தடவை முங்குங்க. இந்தத் தடவை அவசரப்படாம, நல்லா பாத்துட்டு வந்து, எனக்குச் சொல்லுங்க."